இத்தாலியில் வழி கேட்பது எப்படி? கேள்வி எளிது, பதிலைப் பிடிப்பதே முக்கியம்

ரோம் நகரின் தேவாலயங்களைத் தரிசிக்கவும் வெனிஸ் நகரின் கால்வாய்களில் படகேறவும் மலேசிய, சிங்கப்பூர்த் தமிழர்கள் இத்தாலிக்குச் செல்வதுண்டு. கைப்பேசி வரைபடம் வேலை செய்யும்வரை கவலையில்லை. ஆனால் பழைய நகரங்களில், உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே ஓடும் குறுகிய சந்துகளில் வரைபடத்தின் நீலப் புள்ளி தடுமாறும். சில நேரம் மின்கலமும் தீர்ந்துவிடும். ரயில் புறப்படப் பத்து நிமிடமே இருக்கும் நிலையில், எதிரே வருபவரிடம் வாய் திறந்து கேட்பதைத் தவிர வேறு வழி இருக்காது.

பயணக் கையேடுகள் பெரும்பாலும் கேள்விகளையே கற்றுத் தருகின்றன. கேள்வியை மனப்பாடம் செய்து ஒப்புவித்துவிடலாம். அதைக் கேட்ட இத்தாலியர் கையை ஆட்டிக்கொண்டு கடகடவென்று பதில் சொல்லும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. வழி கேட்பதில் பாதி வேலை கேட்பது. மறுபாதி, பதிலில் எந்தச் சொல்லைக் காதில் பிடிப்பது என்று தெரிந்திருப்பது. அந்த மறுபாதிக்கு நம்மவர்களிடம் ஏற்கெனவே ஒரு சாவி இருக்கிறது. நாம் அன்றாடம் புழங்கும் மலாய்தான் அது.

ஒலியில் நமக்குள்ள வசதி

இத்தாலியச் சொற்கள் பெரும்பாலும் உயிரொலியில் முடிகின்றன. அதனால் தமிழ் நாவுக்கு அவை கடினமல்ல. ஆங்கிலேயர் தடுமாறும் சில இடங்களில் நமக்குத் தடுமாற்றமே இல்லை.

நாக்கு பல்லைத் தொடும் ‘த’ ஒலி இத்தாலியத்திலும் உண்டு. ஆங்கிலத்தின் ‘ட’ வேண்டியதில்லை. கீழே தரப்பட்டுள்ள தொவே, தெஸ்த்ரா, த்ரித்தோ, தோபோ ஆகிய சொற்களின் முதல் எழுத்தை ‘தினம்’, ‘தேசம்’ என்பதுபோல் மெலிதாக ஒலிக்க வேண்டும். ‘ந்த்த’ என்று எழுதியுள்ள இடங்களில் ‘சொந்தம்’ என்பதுபோல் இல்லாமல், ‘தம்பி’யின் ‘த’ போல் அழுத்தி ஒலிக்க வேண்டும். பாஞ்ஞோ, பினாரியோ என்பவற்றின் ‘ப’ நம் ‘பஸ்’ போன்றது.

‘ஞ’ ஒலியும் அங்கே உண்டு. கழிவறையைக் குறிக்கும் சொல் ‘பாஞ்ஞோ’. இதை எழுதும்போது ஜி, என் என்ற இரண்டு எழுத்துகளைச் சேர்த்து எழுதுவர். பலகையில் அதைக் கண்டு ‘பாக்னோ’ என்று படித்துவிடக் கூடாது. அதேபோல் சி எழுத்தை அடுத்து இ அல்லது ஐ வந்தால் மலாயில் வருவதுபோல் ‘ச்ச’ ஒலி. அந்த சி எழுத்துக்கும் இ, ஐ எழுத்துகளுக்கும் நடுவே எச் நுழைந்தால் ‘க’ ஒலி. தேவாலயத்தைக் குறிக்கும் ‘கியேஸா’ இப்படி எச் சேர்த்து எழுதப்படுவது.

ஒற்று இரட்டித்தால் பொருள் மாறும் என்பது ‘படம்’, ‘பட்டம்’ தெரிந்த நமக்குப் புதிதல்ல. இத்தாலியத்தில் ‘காஸா’ என்றால் வீடு. ‘காஸ்ஸா’ என்றால் பணம் கட்டும் முகப்பு. கடையில் பணம் கட்டும் இடத்தைத் தேடுபவர் ஒற்றை அழுத்தாமல் கேட்டால், வீடு எங்கே என்று கேட்டதாகிவிடும்.

முதலில் மரியாதை

யாரையும் நிறுத்தும் முன் ‘ஸ்கூஸி’ என்று சொல்ல வேண்டும். ‘மன்னியுங்கள்’ என்பது பொருள். இது நீங்கள் என்று அழைக்கும் மரியாதை வடிவம். ‘ஸ்கூஸா’ என்பது நீ என்று அழைக்கும் வடிவம்; நண்பர்களிடமும் சிறுவர்களிடமும் மட்டும் பொருந்தும். தெரியாதவரிடம், குறிப்பாக வயதில் மூத்தவரிடம், ‘ஸ்கூஸி’யே முறை. முடிவில் ‘க்ராத்சியே’, அதாவது நன்றி.

நீ, நீங்கள் வேறுபாடு பதிலிலும் வரும். மரியாதையாகப் பேசுபவர் ‘வாதா’ (போங்கள்), ‘ஜீரி’ (திரும்புங்கள்), ‘ப்ரெந்தா’ (பிடித்துக்கொள்ளுங்கள், அதாவது அந்தச் சாலையில் செல்லுங்கள்) என்பார். இளைஞர்கள் ‘வாய்’, ‘ஜீரா’, ‘ப்ரெந்தி’ என்று ஒருமையில் சொல்லக்கூடும். இரண்டும் ஒரே பொருள்தான். ஒருமையைக் கேட்டு அவமரியாதை என்று எண்ண வேண்டாம்.

இரண்டு கேள்விகள் போதும்

முதல் கேள்வி ‘தொவே’. குறிப்பிட்ட ஓர் இடம் எங்கே இருக்கிறது என்று கேட்பது.

தொவே லா ஸ்தாத்சியோனே? : ரயில் நிலையம் எங்கே?
தொவே இல் பாஞ்ஞோ? : கழிவறை எங்கே?
தொவே லா ஃபெர்மாதா? : பேருந்து நிறுத்தம் எங்கே?

இரண்டாவது கேள்வி ‘ச்சே’. இருக்கிறதா என்று பொருள். தமிழில் அலுத்துக்கொள்ளும்போது சொல்லும் ‘ச்சே’ போலவே ஒலித்தாலும் இதில் அலுப்பு எதுவும் இல்லை.

ச்சே ஊனா ஃபார்மச்சீயா க்வி விச்சீனோ? : இங்கே பக்கத்தில் ஏதாவது மருந்துக்கடை இருக்கிறதா?
ச்சே உன் ஸூப்பெர்மெர்காதோ க்வி விச்சீனோ? : இங்கே பக்கத்தில் பேரங்காடி இருக்கிறதா?

வேறுபாடு எளிது. ஊரில் ஒன்றே ஒன்று இருந்தால், அல்லது இன்னதுதான் வேண்டும் என்று தெரிந்தால், ‘தொவே’. ஏதோ ஒன்று கிடைத்தால் போதும் என்றால் ‘ச்சே’. மருந்துக்கடைக்கு ‘தொவே’ போட்டால், எந்த மருந்துக்கடை என்று எதிர்க்கேள்வி வரலாம். தேடும் கடையைத் தூரத்திலிருந்தே கண்டுகொள்ள ஓர் அடையாளமும் உண்டு. இத்தாலியில் மருந்துக்கடை வாசலில் பச்சை நிறச் சிலுவை ஒளிரும்.

தூரம் அறிய ‘ஏ லொந்த்தானோ?’ (தூரமா?) என்றும், நடந்து போகலாமா என்று அறிய ‘ஆ பியேதி?’ (நடந்தா?) என்றும் கேட்டால் போதும்.

பதிலின் முதல் சொல்லைப் பிடியுங்கள்

தமிழில் வழி சொல்லும்போது அடையாளம் முன்னே வரும். திசை பின்னே வரும். ‘தேவாலயத்திற்குப் பின்னால்’, ‘பாலத்திற்கு முன்’, ‘சமிக்ஞை விளக்கைத் தாண்டி இடது பக்கம் திரும்புங்கள்’ என்கிறோம். முக்கியமான சொல்லுக்காக வாக்கியத்தின் முடிவுவரை காத்திருப்பது தமிழ்க் காதின் பழக்கம்.

இத்தாலியம் இதற்கு நேர்மாறானது. ‘தியேத்ரோ லா கியேஸா’ என்பதைச் சொல்லுக்குச் சொல் வைத்தால் ‘பின்னால் தேவாலயம்’. முடிவில் வரும் ‘கியேஸா’வை மட்டும் பிடித்துக்கொண்டவர் தேவாலய வாசலில் போய் நிற்பார். தேடிய இடமோ அதன் பின்புறம் இருக்கும். முன்னால் வந்த ‘தியேத்ரோ’ காதில் விழாததுதான் காரணம்.

இங்கேதான் மலாய் கைகொடுக்கிறது. ‘டி பெலாக்காங் கெரேஜா’ என்று மலாயில் சொல்லும்போது பின்னால் என்பது முன்னே வருகிறது. தேவாலயம் பின்னே வருகிறது. இத்தாலியத்தின் வரிசையும் அதுவே. ‘பெலோக் கிரி செலெபாஸ் லம்பு இஷாராத்’ என்பதை இத்தாலியத்தில் ‘ஜீரி ஆ ஸினிஸ்த்ரா தோபோ இல் ஸெமாஃபொரோ’ என்பர். திரும்பு, இடது, பிறகு, விளக்கு என்ற வரிசை இரண்டிலும் ஒன்றே. எனவே பதிலைத் தமிழில் மாற்றிப் பார்ப்பதைவிட, மலாய் வாக்கியம் கேட்பதுபோல் கேட்டால் சட்டென்று புரியும்.

காதில் விழ வேண்டிய சொற்கள்

திசை:
ஆ தெஸ்த்ரா : வலது பக்கம்
ஆ ஸினிஸ்த்ரா : இடது பக்கம்
த்ரித்தோ : நேராக

இடம்:
தியேத்ரோ : பின்னால்
தவாந்த்தி : முன்னால்
தி ஃப்ரொந்த்தே : எதிரே
அக்காந்த்தோ : பக்கத்தில், ஒட்டினாற்போல்
தோபோ : தாண்டிய பிறகு
இன் ஃபொந்தோ : கடைசியில், தெருக்கோடியில்

அடையாளம்:
ஸெமாஃபொரோ : சமிக்ஞை விளக்கு
இன்க்ரோச்சோ : சாலைச் சந்திப்பு
பொந்த்தே : பாலம்
ஆங்கொலோ : முனை
பியாத்சா : நகரச் சதுக்கம்

இந்தப் பட்டியலில் ‘தெஸ்த்ரா’வும் ‘த்ரித்தோ’வும் விரைவாகப் பேசும்போது ஒன்றுபோல் கேட்கும். வலது பக்கம் போகச் சொன்னாரா, நேராகப் போகச் சொன்னாரா என்ற ஐயம் எழுவது இங்கேதான். முடிவெழுத்தைக் கவனித்தால் தெளிவாகிவிடும். ‘ஆ’வில் முடிந்தால் வலது, ‘ஓ’வில் முடிந்தால் நேர்.

தெருக்களை எண்ணிச் சொல்வதும் வழக்கம். ‘ப்ரெந்தா லா ஸெகோந்தா ஆ தெஸ்த்ரா’ என்றால் வலது பக்கம் வரும் இரண்டாவது தெருவில் செல்லுங்கள் என்று பொருள். தெரு என்ற சொல்லே அதில் வராது. ப்ரீமா முதல், ஸெகோந்தா இரண்டாம், தெர்த்சா மூன்றாம் என்ற மூன்றும் தெரிந்தால் போதும்.

ஏமாற்றும் சொற்கள்

‘ப்ரீமா’ என்பதற்கு இரண்டு பொருள். ‘லா ப்ரீமா’ என்றால் முதலாவது. ‘ப்ரீமா தெல் பொந்த்தே’ என்றால் பாலத்திற்கு முன். பாலம்வரை போய்விட்டால் திரும்ப வேண்டிய இடத்தைத் தாண்டிவிட்டோம் என்று பொருள்.

‘செம்ப்ரே த்ரித்தோ’ என்பது இத்தாலியர் வாயில் அடிக்கடி வரும் பதில். எப்போதும் நேராக என்பது அதன் நேர்ப்பொருள். மலாயின் ‘ஜாலான் தெருஸ்’ போன்றது. வளைந்து நெளியும் பழைய தெருவிலும் இதையே சொல்வர். தெரு வளைந்தால் நாமும் வளைந்து செல்ல வேண்டும். கிளைத் தெருவில் மட்டும் நுழையக் கூடாது.

‘பியானோ’ இசைக்கருவி மட்டுமல்ல. ‘ப்ரீமோ பியானோ’ என்றால் முதல் மாடி. ‘ப்யூ பியானோ’ என்றால் இன்னும் மெதுவாக.

‘லிப்ரெரீயா’ என்பது நூலகம் அன்று, புத்தகக்கடை. நூலகத்திற்கு ‘பிப்லியொதேகா’ என்று பெயர்.

‘ஸென்ஸோ ஊனிகோ’ என்ற பலகை பல தெருக்களில் காணப்படும். அது தெருப்பெயர் அன்று. ஒருவழிச் சாலை என்ற அறிவிப்பு. தங்கும் விடுதி இந்தத் தெருவில் இருக்கிறது என்று அந்தப் பெயரைக் குறித்துவைத்தால் பிறகு யாராலும் வழி சொல்ல முடியாது.

ஊர்ப்பெயரே மாறும்

ஆங்கிலத்தில் நாம் அறிந்த ஊர்ப்பெயர்கள் பலகைகளில் வேறாக இருக்கும். புளோரன்ஸ் அங்கே ஃபிரென்த்சே, வெனிஸ் வெனேத்சியா, நேப்பிள்ஸ் நாப்பொலி, மிலான் மிலானோ, டூரின் தொரீனோ. புளோரன்ஸ் என்ற பெயரைத் தேடிக்கொண்டு நிற்பவரின் கண்ணெதிரே ஃபிரென்த்சே ரயில் புறப்பட்டுப் போய்விடலாம்.

ரயில் நிலையப் பலகைகளில் ‘பார்தென்த்சே’ என்பது புறப்பாடு. ‘அர்ரீவி’ என்பது வருகை. சுவரில் ஒட்டியிருக்கும் அச்சு அட்டவணைகளில் புறப்பாடு மஞ்சள் தாளிலும் வருகை வெள்ளைத் தாளிலும் இருக்கும். ‘பினாரியோ’ என்பது தண்டவாளத்தின் எண். அதை வைத்தே நடைமேடையைக் கண்டுபிடிக்க வேண்டும். ‘தா கே பினாரியோ பார்தே?’ என்று கேட்டால், எந்த நடைமேடையிலிருந்து புறப்படுகிறது என்று கேட்டதாகும். பதில் ஓர் எண்ணாக வரும் என்பதால் ஒன்றிலிருந்து பத்துவரை தெரிந்திருப்பது நல்லது: ஊனோ, தூவே, த்ரே, க்வாத்த்ரோ, ச்சின்க்வே, ஸேய், ஸெத்தே, ஒத்தோ, நோவே, தியேச்சி.

வட்டார ரயிலுக்குத் தாள் பயணச்சீட்டு வாங்கியிருந்தால், ஏறும் முன் நிலையத்தில் உள்ள இயந்திரத்தில் அதை முத்திரையிட வேண்டும். மறந்தால் அபராதம் கட்ட நேரிடும். நகரப் பேருந்துக்கான சீட்டுகள், வாசலில் பெரிய டி எழுத்துப் பலகை தொங்கும் ‘தபாக்கி’ என்னும் சுருட்டுக் கடைகளில் விற்கப்படுகின்றன. ஆகவே பேருந்து நிறுத்தத்தைக் கேட்பதற்கு முன் ‘ச்சே உன் தபாக்கி க்வி விச்சீனோ?’ என்று கேட்பதே சரியான வரிசை.

வெனிஸ் செல்பவர்கள் இரண்டு நிலையங்களைப் பிரித்தறிய வேண்டும். வெனேத்சியா மெஸ்த்ரே நிலப்பகுதியில் உள்ளது. கால்வாய் நகரத்திற்குள் இறக்கிவிடுவது வெனேத்சியா ஸாந்த்தா லுச்சீயா. விடுதி எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைப் பார்த்துக்கொண்டு இறங்குவது அலைச்சலைக் குறைக்கும்.

வெனிஸ், புளோரன்ஸ்: முகவரியே புதிர்

வெனிஸ் நகரில் தெருவுக்குத் தெரு எண் தொடங்குவதில்லை. நகரம் ஆறு வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டு, வட்டாரம் முழுவதற்கும் வீட்டு எண்கள் தொடர்ந்து செல்கின்றன. எண் ஆயிரங்களில் இருக்கும். வட்டாரப் பெயரும் எண்ணும் மட்டும் கையில் இருந்தால் உள்ளூர்க்காரரே திணறுவார். தெருவின் பெயரையும் பக்கத்துத் தேவாலயத்தின் பெயரையும் விடுதியிடம் முன்கூட்டியே கேட்டு எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

தெருக்களுக்கும் அங்கே தனிப்பெயர்கள். சந்து ‘கல்லே’, கால்வாய் ஓரப் பாதை ‘ஃபொந்தமெந்த்தா’, சதுக்கம் ‘காம்போ’, சிறு கால்வாய் ‘ரீயோ’. பியாத்சா என்ற பெயர் புனித மாற்கு சதுக்கத்திற்கே உரியது. பெருங்கால்வாயைக் கடக்க நான்கு பாலங்களே உள்ளன. போக வேண்டிய இடம் அக்கரையில் கண்ணுக்குத் தெரிந்தாலும், எந்தப் பாலம் என்று தெரியாவிட்டால் நெடுந்தூரம் சுற்ற வேண்டியிருக்கும். அங்கே கேட்க வேண்டியது ‘தொவே இல் பொந்த்தே?’. சுவர்களில் உள்ள மஞ்சள் பலகைகள் ரியால்தோ பாலத்திற்கும் புனித மாற்கு சதுக்கத்திற்கும் ரயில் நிலையத்திற்கும் வழி காட்டுகின்றன. ரயில் நிலையத்தை அவை ‘ஃபெர்ரோவீயா’ என்று குறிக்கும்.

புளோரன்ஸில் வேறொரு புதிர். வீடுகளுக்குக் கறுப்பு அல்லது நீல எண். கடைகளுக்கும் உணவகங்களுக்கும் சிவப்பு எண். இரண்டும் தனித்தனி வரிசை. ஒரே தெருவில் கறுப்பு 20 ஓரிடத்திலும் சிவப்பு 20 வேறோரிடத்திலும் இருக்கும். முகவரியில் எண்ணுக்குப் பின் ஆர் எழுத்து இருந்தால் சிவப்பு எண்ணைத் தேட வேண்டும்.

இங்கே, அங்கே, உங்கே

இங்கே என்பதற்கு ‘க்வி’ அல்லது ‘க்வா’. அங்கே என்பதற்கு ‘லீ’ அல்லது ‘லா’. தமிழ் இலக்கணம் அ, இ, உ என மூன்று சுட்டெழுத்துகளைச் சொல்கிறது. கேட்பவருக்கு அருகில் இருப்பதைச் சுட்டும் உகரம் நம் பேச்சில் மறைந்துவிட்டாலும், யாழ்ப்பாணத் தமிழில் ‘உங்கை’, ‘உது’ என்று வாழ்கிறது. புளோரன்ஸ் நகரைத் தலைநகராகக் கொண்ட தொஸ்கானா வட்டாரத்து இத்தாலியத்திலும் அந்த மூன்றாவது சுட்டு உண்டு. கேட்பவர் இருக்கும் இடத்தை அங்கே ‘கொஸ்தீ’ என்பர்.

இலங்கைத் தமிழர் கணிசமாக வாழும் இத்தாலிய நகரம் சிசிலித் தீவின் பலெர்மோ. நகரத்தை ஒட்டிய பெல்லெக்ரீனோ மலையில் உள்ள புனித ரொஸாலியா திருத்தலத்திற்குத் தமிழர்களும் சென்று வழிபடுகின்றனர். அந்நகரில் வழி கேட்டால் பதில் தமிழிலேயே வந்தாலும் வியப்பதற்கில்லை.

அவசர வேளையில்

வழி தவறிய ஆண் ‘மி ஸோனோ பெர்ஸோ’ என்றும், பெண் ‘மி ஸோனோ பெர்ஸா’ என்றும் சொல்ல வேண்டும். கடப்பிதழைத் தொலைத்தவர் ‘ஓ பெர்ஸோ இல் பாஸ்ஸபோர்தோ’ என்று சொல்லிக் காவல் நிலையத்தைக் கேட்கலாம். அங்கே அளிக்கும் புகாருக்கு ‘தெனூன்ச்சா’ என்று பெயர். அதன் நகலைக் கையில் வைத்திருந்தால் தூதரகத்தில் வேலை எளிதாகும். மலேசியத் தூதரகம் ரோமில் இருக்கிறது.

உடல்நலக் குறைவு என்றால் ‘ஒஸ்பெதாலே’ என்பது மருத்துவமனை. அதனுள் அவசரப் பிரிவுக்கு ‘ப்ரொந்த்தோ ஸொக்கோர்ஸோ’ என்று பெயர். பெரிய மருத்துவமனைகளில் வாசல்கள் பல இருக்கும் என்பதால் இந்த இரண்டாவது சொல்லைக் கேட்பதே நேரத்தை மிச்சப்படுத்தும். உயிருக்கு ஆபத்தான நிலையில் நாடு முழுவதும் 112 என்ற எண்ணை அழைக்கலாம்.

திருப்பிச் சொல்லிப் பாருங்கள்

பதில் புரியாவிட்டால் தலையாட்டிவிட்டு நகர்வதுதான் பெரிய தவறு. ‘ப்வோ ரிபேதெரே, பெர் ஃபவோரே?’ (தயவுசெய்து மீண்டும் சொல்ல முடியுமா?) என்று கேட்கலாம். ‘ப்யூ பியானோ’ என்று சேர்த்துக்கொண்டால் மெதுவாகச் சொல்வார். கேட்டதைக் கைசாடையோடு திருப்பிச் சொல்வது இன்னும் நல்லது.

ஒருவர் ரயில் நிலையத்திற்கு இப்படி வழி சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம்: ‘வாதா செம்ப்ரே த்ரித்தோ, தோபோ இல் ஸெமாஃபொரோ ஜீரி ஆ ஸினிஸ்த்ரா. லா ஸ்தாத்சியோனே ஏ இன் ஃபொந்தோ, தி ஃப்ரொந்த்தே ஆல்லா கியேஸா.’

மலாய்க் காதோடு கேட்டால் அது இப்படிப் பிரியும்: ஜாலான் தெருஸ்; செலெபாஸ் லம்பு இஷாராத், பெலோக் கிரி; ஸ்டேசென் டி ஹூஜோங், பெர்தெந்தாங்கான் கெரேஜா. நேராகப் போய், விளக்கைத் தாண்டி இடது பக்கம் திரும்பினால், தெருக்கோடியில் தேவாலயத்திற்கு எதிரே நிலையம்.

இதில் எல்லாச் சொல்லும் புரிய வேண்டியதில்லை. ‘த்ரித்தோ, ஸெமாஃபொரோ, ஸினிஸ்த்ரா?’ என்று மூன்று சொல்லை மட்டும் திருப்பிச் சொன்னால் போதும். சரியாக இருந்தால் அவர் ‘ஸீ’ என்று தலையசைப்பார். தவறாக இருந்தால் ‘நோ’ என்று திருத்துவார். அந்த ‘ஸீ’ கிடைத்த பிறகு காலடி எடுத்துவைத்தால் ரயிலைத் தவறவிட வேண்டியிருக்காது.